ஒரு பண்ணை, ஒரு வாரிசு

அயர்லாந்தின் நாட்டுப்புறக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கசப்புக்குக் குடி, மதம், ஓயாத மழை என்று பல காரணங்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முதலில் புரட்ட வேண்டியது நிலப் பத்திரத்தை.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழும்வரை, ஏழைக் குடியானவர்கள் குத்தகை நிலத்தைப் பிள்ளைகளுக்குக் கூறுபோட்டுக் கொடுத்துவந்தார்கள். கிழங்கு விளைந்தால் துண்டு நிலத்திலும் ஒரு குடும்பம் பிழைத்துவிடும். விளையாமல் போனபோது அந்தத் துண்டு நிலக்காரர்களும் கூலிகளும்தான் அதிகம் மடிந்தார்கள். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு நிலத்தைப் பிரிப்பதே பாவம் என்றானது. ஒரு மகனுக்கு முழுப் பண்ணை, ஒரு மகளுக்குச் சீதனம், மீதிப் பேருக்குக் கப்பல் பயணம். 1903ஆம் ஆண்டு நிலச் சட்டத்தால் குத்தகைக்காரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக மாற, இந்த வழக்கம் மேலும் இறுகியது.

இதை வெறும் கொடுமை என்று தள்ளிவிட முடியாது. 1930களில் கிளேர் மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர்கள் கான்ராட் ஆரன்ஸ்பெர்க், சோலன் கிம்பல் இருவரும் இதன் நேர்த்தியைக் கண்டு வியந்தவர்கள். தரகர் சம்பந்தம் பேசுவார். பெண் வீட்டார் வந்து வயலையும் மாட்டையும் பார்ப்பார்கள். வக்கீல் பத்திரம் எழுதுவார். பண்ணை மகன் பெயருக்கு மாறும். வயதானவர்களுக்கு வீட்டின் மேற்கு அறை, கிழங்கு, பால், அடுப்புக்குக் கரி மண், ஞாயிறு பூசைக்கு வண்டியில் இடம் என்று அவர்கள் பங்கையும் எழுதிவைப்பதுண்டு. மருமகள் கொண்டுவந்த பணம் மாமனார் கைக்குப் போகும். அதை வைத்து நாத்தனாரைக் கட்டிக்கொடுப்பார்கள். முதியோருக்குச் சோறு, பண்ணைக்கு ஆள், வெளியேறும் மகளுக்குக் கையில் கொஞ்சம் காசு: பஞ்சத்தில் அடிபட்ட ஒரு சமூகம் யோசித்துச் செய்த ஏற்பாடுதான்.

பழுது இருந்தது வேறிடத்தில். எந்த மகனுக்குப் பண்ணை, எப்போது என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் தகப்பனுக்கு இல்லை. மூத்தவனுக்குத்தான் என்ற விதியும் கிடையாது. சொல்லாமல் இருக்கும்வரை எல்லா மகன்களும் அடங்கியிருப்பார்கள். சொன்னால் அதிகாரம் போய்விடும். அதனால் நாற்பதைத் தாண்டியவனும், நிலம் கைக்கு வராதவரை, ஊர்க் கணக்கில் பையன்தான். கூலி கிடையாது, கல்யாணப் பேச்சும் கிடையாது. 1940களில் அங்கே ஆண்களின் சராசரித் திருமண வயது 33ஐ ஒட்டியிருந்தது. விவசாயிகள் அதற்கும் பிந்தினார்கள்.

கசப்பு கைமாறும் விதம் இதில்தான் தெரிகிறது. இருபது வருடம் காத்திருந்து நிலத்தை வாங்கியவன், தன்னைவிட மிக இளையவளைக் கட்டுகிறான். மகன் ஆளாகும்போது இவன் எழுபதை நெருங்குகிறான். இவ்வளவு தாமதமாகக் கிடைத்ததை அவ்வளவு சீக்கிரம் விட மனம் வருமா? தான் பட்டதையே மகனுக்கும் வைக்கிறான். மாமியாருக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தவளோ, மகனே கதியென்று இருந்துவிட்டு, அவன் கல்யாணத்தை ஒத்திப்போடுகிறாள். பேட்ரிக் கவனாவின் ‘தி கிரேட் ஹங்கர்’ (1942) நெடுங்கவிதையில் வரும் விவசாயி மகையர், 91 வயதில் தாய் இறக்கும்வரை அவளோடு இருந்து, கல்யாணமே இல்லாமல் முடங்குகிறான். ஜான் மக்ககெர்னின் ‘அமங்ஸ்ட் விமன்’ (1990) நாவலில் தகப்பன் மோரனிடமிருந்து தப்பி லண்டனுக்குப் போன மூத்த மகன் லூக், அவர் சாவுக்குக்கூட வரவில்லை.

இலக்கியத்தை மட்டும் சாட்சிக்கு வைப்பதிலும் ஒரு கோணல் உண்டு. நிறைவாக வாழ்ந்தவர்கள் நாவலுக்கு அகப்படுவதில்லை. கெர்ரி மாவட்டத்துக் கிராமமொன்றில் ஆய்வு செய்து, ஊரில் நிறுத்திவைக்கப்பட்ட மகன்களின் மனநோய்க்குக் குடும்பமுறையையும் காரணமாகக் காட்டிய நான்சி ஷெப்பர்-ஹியூஸின் 1979ஆம் ஆண்டு நூலை அந்த ஊரார் மன்னிக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து அவர் திரும்பிப் போனபோது வெளியேறச் சொன்னார்கள். ஆரன்ஸ்பெர்க் ஒற்றுமையை மிகையாகப் பார்த்தார் என்றால், இவர் நோயை மிகையாகப் பார்த்தார் என்பதே என் எண்ணம். ஆனால் காத்திருப்பின் விலையைக் கவனித்தவர் இவர்தான்.

பண்ணை வீட்டுத் தகப்பனின் வன்முறையைச் சொன்ன மக்ககெர்னின் ‘தி டார்க்’ நாவல் 1965இல் தடைசெய்யப்பட்டது; அவருக்கு ஆசிரியர் வேலையும் போனது. அதே ஆண்டில்தான் வாரிசுரிமைச் சட்டமும் நிறைவேறியது. அதுவரை ஒரு விவசாயி மனைவிக்கு ஒன்றுமில்லாமல் உயில் எழுதிவிட முடிந்தது. பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் பாதி என்று சட்டம் அவளுக்கு உறுதிசெய்தது. தகப்பன் தங்களுக்கு முறையாக எதுவும் விட்டுச்செல்லவில்லை என்று பிள்ளைகள் நீதிமன்றம் போகவும் 117ஆம் பிரிவு வழிவிட்டது. ஆனால் தகப்பன் கண்மூடிய பிறகுதான் அந்த வழக்கைப் போட முடியும்.