உடன்போக்கை மறுத்த காதலர்

சமண வணிகனுக்குக் காதல் நாவலில் என்ன வேலை என்று சங்க அன்பர்கள் சிலர் நினைக்கலாம். துறவியான திருத்தக்கதேவர்தான் சீவக சிந்தாமணி பாடினார். சீவகனின் எட்டு மணங்களைச் சொல்வதால் அதற்கு மணநூல் என்றே ஒரு பெயர் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சேத்தன் பகத் 2009-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘டூ ஸ்டேட்ஸ்’ நாவலை என் இளைய மகள் கடை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். தில்லிப் பஞ்சாபிப் பையன் கிருஷ், மயிலாப்பூர் பிராமண வீட்டுப் பெண் அனன்யா. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படிக்கும்போது காதல். இரு வீட்டாரும் இசையவில்லை. நடை சாதாரணந்தான். ஆனாலும் இரண்டே ராத்திரியில் படிச்சு முடிச்சேன். 2014-இல் இந்திப் படமாகவும் வந்தது.

இந்நாவலின் சிறப்பு என்னன்னா, காதலர் ஓடிப்போக மறுக்கிறார்கள். களவு கற்பாக மாற அகப்பொருள் இலக்கணம் காட்டும் வழிகளில் உடன்போக்கு ஒன்று; அறத்தொடு நின்று, பெற்றோர் கொடுக்கக் கொள்வது மற்றொன்று. இவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். கிருஷ் சென்னைக்கே வேலைக்கு வருகிறான். பெண்ணின் தம்பிக்கு ஐ.ஐ.டி. தேர்வுக்குப் பாடம் சொல்கிறான். தகப்பனாரின் ஆபீசு வேலைக்குக் கணினியில் உதவுகிறான். தாயாருக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஹரிஹரனும் பாடும் மேடையில் பாட வாய்ப்பு வாங்கித் தருகிறான். பிறகு நான்கு மோதிரங்களோடு குடும்பம் முழுவதையுமே சம்மதம் கேட்கிறான். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு இது நன்றாகப் புரியும். நம்பிக்கையைச் சில்லறையாகத்தான் சேர்க்க முடியும்.

அகப்பாடல்களில் செய்தி தோழி வழியாகச் செவிலிக்கும், செவிலி வழியாக நற்றாய்க்கும் போகும். இங்கே கடைசி முடிச்சை அவிழ்ப்பவர், மகனோடு முகங்கொடுத்துப் பேசாத தகப்பனார். மகனுக்குச் சொல்லாமலே சென்னைக்குப் போய்ப் பெண் வீட்டாரிடம் பேசுகிறார். என்னைக் கலங்க வைத்த இடம் அதுதான்.

குறையும் உண்டு. தமிழர் என்றால் மயிலாப்பூர் வீடு, கர்நாடக சங்கீதம், கறுப்பு நிறம். பஞ்சாபி என்றால் பன்னீரும் வரதட்சணையும். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் தில்லியில் நான் ஜைனன் என்றால் “மார்வாடியா?” என்கிறார்கள், தமிழன் என்றால் “ஐயரா?” என்கிறார்கள். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம், தலைமுறை தலைமுறையாய்த் தாய்மொழி தமிழ் என்று விளக்குவதற்குள் டீ ஆறிப்போகும். இப்படிப்பட்ட நாவல்கள் அந்த வேலையை இன்னும் கூட்டிவிடுகின்றன.

முடிவில் பிறக்கும் இரட்டைக் குழந்தைகள் எந்த மாநிலம் என்ற கேள்விக்கு, இந்தியா என்று பதில் வருகிறது. கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சென்னைப் பாட்டியோடு எந்த மொழியில் பேசும்? பெரிய சமூகத்துக்கு இது சின்னச் செலவு. எங்களைப் போன்ற சிறு கூட்டத்துக்கு முதலே கரைந்துவிடும். இந்தக் கணக்கை ஆசிரியர் எழுதவே இல்லை.

இருந்தாலும் பெற்றோர் படிக்க வேண்டிய புத்தகம். நம்மைத் தாண்டிப் போக முடிந்த பிள்ளைகள் நின்று நம்மைக் கேட்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று இதைப் படித்துத்தான் உணர்ந்தேன். மகள் இதை ஏன் என் மேஜையில் வைத்தாள் என்று இதுவரை கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்றைக்குக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.