கைவிரித்த மருத்துவர்

மருத்துவர் கைவிரித்துவிட்டார் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். ஒருவர் மஞ்சள் துணியில் காசு முடிவார். மற்றொருவர் மந்திரித்த கயிற்றுக்கு ஆளனுப்புவார். இன்னொருவர் சோதிடரின் திண்ணையிலே காத்துக் கிடப்பார். அறிவு செய்யக்கூடியது முடிந்தது, இனி ஆண்டவன் விட்ட வழி என்று அகமெல்லாம் ஓலம் கேட்கும். அங்கே மருத்துவரின் கைவிரிப்பு மூடநம்பிக்கைக்கு வாயிலைத் திறந்துவிடுகிறது.

ஆனால், நோய் வருமுன்பே, மக்கள் நல்ல உடலோடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே, 'இந்த நோய் வந்தால் எம்மால் ஆவது ஒன்றுமில்லை. எம்மை நம்பி இதனை வரவழைத்துக்கொள்ளாதீர்' என்று கைவிரித்த மருத்துவர்களும் உண்டு. அந்தக் கைவிரிப்பு மூடநம்பிக்கை ஒன்றின் முதுகெலும்பை முறித்தது. அணுப்போர் குறித்து மருத்துவர்கள் எழுதியவற்றையும், மேடையேறி மொழிந்தவற்றையும் ஓர் இலக்கியமாகவே எடுத்து எடைபோட வேண்டும் என்று நாம் கருதுகிறோம். போற்ற வேண்டிய பகுதி அதிலே பெரிது. ஏற்க இயலாத பகுதியும் உண்டு.

முறிந்த மூடநம்பிக்கை எது? கோயில் குளத்தில் பிறந்ததன்று அது. அரசாங்க அலுவலகத்தில் பிறந்தது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 1951இல் ஒரு படம் எடுத்தனர். அதிலே ஓர் ஆமை வரும். ஆபத்து என்றதும் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். குழந்தைகளே, குண்டு விழும்போது நீங்களும் இதுபோல மேசைக்கடியில் ஒடுங்கிக்கொள்ளுங்கள் என்பது பாடம்! பத்தாண்டு கழிந்தது. பெர்லின் நெருக்கடி முற்றிய 1961ஆம் ஆண்டு செப்டம்பரில், 'லைஃப்' ஏடு பதுங்கறை கட்டும் முறைகளைப் படம் போட்டு விளக்கிற்று. நூறு பேரில் 97 பேர் பிழைத்துக்கொள்ளலாம் என்று அட்டையிலேயே அறிவித்தது. உள்ளே குடியரசுத் தலைவர் கென்னடியின் கடிதம் வேறு. தாயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, தோழர்களே? தாயத்து செம்பிலே செய்தது, பதுங்கறை சிமிட்டியிலே செய்தது, அவ்வளவுதான்.

இதற்கு விடையிறுக்க அந்த ஆண்டே பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிலர் கூடினர். சமுதாயப் பொறுப்புணர்ந்த மருத்துவர்கள் என்ற பெயரில் அமைப்பொன்று கண்டனர். அவர்களுள் ஒருவர் இதயநோய் வல்லுநர் பெர்னார்டு லௌன்; லித்துவேனியாவில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர்கள் ஊர்வலம் விடவில்லை. தம் சொந்த நகரமான பாஸ்டன் மீது ஐதரசன் குண்டுகள் விழுவதாக வைத்துக்கொண்டு, கணக்கிட்டுக் கட்டுரை எழுதினர். 1962 மே 31ஆம் நாளிட்ட 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' அவற்றை வெளியிட்டது.

அந்தக் கட்டுரைகளில் அடைமொழி இல்லை, அழுகுரல் இல்லை. மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன? நகரின் நடுவிலே. குண்டு எங்கே விழும்? அங்கேயேதான். மருத்துவர்களில் பெரும்பாலோர் முதல் நொடியிலேயே மாள்வர். எஞ்சிய மருத்துவர் ஒருவருக்குக் காயம்பட்டோர் ஆயிரத்துக்கும் மேல். குருதி எங்கே, கட்டுத்துணி எங்கே, தண்ணீர் எங்கே? பதுங்கறைக்குள் இருக்கும் மருத்துவர் வெளியே வரலாமா, வந்தால் யாருக்கு மருத்துவம் பார்ப்பது, யாரைச் சாகவிடுவது? வினாக்களை வரிசையாக வைத்துவிட்டு, இவற்றுக்கு மருத்துவ நூலில் விடையில்லை என்று நிறுத்திக்கொண்டனர். நாவலாசிரியர் நூறு பக்கம் வருணித்தும் எழுப்ப முடியாத நடுக்கத்தை வறண்ட கணக்கொன்று எழுப்பியது. நடையழகு என்று நாம் பேசும்போது, இத்தகைய எழுத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கற்பனைக் கணக்குத்தானே என்பார்க்கு, கற்பனை கலவாத கணக்கு இரோஷிமாவில் இருக்கிறது. ஜான் ஹெர்சி 1946இல் எழுதிய நூலில் அதனைக் காணலாம். நகரில் இருந்த மருத்துவர் 150 பேர். அவர்களுள் 65 பேர் மாண்டனர். எஞ்சியோரில் மிகப் பலர் படுகாயமுற்றனர். பெரிய மருத்துவமனையான செஞ்சிலுவை மனையில் முப்பது மருத்துவரில் ஆறுபேரே பணிசெய்யும் நிலையில் இருந்தனர். இருநூறுக்கு மேற்பட்ட செவிலியரில் பத்துப்பேர்!

அந்நகரில் காயமுற்ற மருத்துவருள் ஒருவர் மிச்சிஹிகோ ஹச்சியா. அஞ்சல், தந்தித் துறையினருக்கான மருத்துவமனையின் தலைவர். குண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 முதல் செப்டம்பர் 30 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, 1955இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலமாக்கத்தைச் செய்து முடித்தவர் வார்னர் வெல்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். குண்டு போட்ட நாட்டவர், குண்டடிபட்டவரின் ஏட்டை உலகுக்கு எடுத்தளித்தார்.

போர் எதிர்ப்பு இலக்கியம் எனப் பெயர் பெற்ற பலவற்றினும் இந்த நாட்குறிப்பை நாம் மேலாக வைக்கிறோம். காரணம், இதிலே எதிர்ப்பு முழக்கமே இல்லை. உடலெங்கும் தையலோடு படுத்துக்கிடக்கும் மருத்துவர், தம்மைச் சுற்றிலும் தமக்குத் தெரியாத நோய் ஒன்று மக்களை மாய்ப்பதைப் பார்க்கிறார். குருதிக் கழிச்சல் காண்கிறது. சீதபேதியோ என்று ஐயுற்று, நோயாளிகளைத் தனியே ஒதுக்க ஏற்பாடு செய்கிறார். பிறகு காயமே படாதவர் உடலிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. தலைமயிர் கொத்துக்கொத்தாய் உதிர்கிறது. நலமாக நடந்து வந்தவர் நான்கு நாளில் பிணமாகிறார். உருப்பெருக்கி ஒன்று டோக்கியோவிலிருந்து வந்து சேர்கிறது. குருதியைச் சோதித்துப் பார்த்தால் வெள்ளணுக்கள் அற்றுப்போயிருக்கின்றன. பிணங்களை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்பெல்லாம் குருதிக் கசிவு. தாம் முதலில் எண்ணியது தவறென்று ஏட்டிலேயே திருத்தி, அடுத்த கருத்துக்குச் செல்கிறார். பாவத்தின் பயன் என்றோ முன்வினை என்றோ ஒருமுறையும் அவர் காரணம் தேடவில்லை. வெந்து கிடந்த நகரத்தின் நடுவே, பகுத்தறிவு தன் பணியைச் செய்துகொண்டிருந்தது.

அதே ஏட்டில் இன்னொரு பக்கம் உண்டு. சப்பானிடமும் இதே குண்டு இருக்கிறது, அமெரிக்க நகரங்கள் மீது அதனை வீசிவிட்டோம் என்று ஒரு வதந்தி மருத்துவமனைக்குள் நுழைகிறது. உடனே கூடம் களிப்பில் குதிக்கிறது. கடுங்காயம் பட்டவர்களே மிகவும் மகிழ்கின்றனர்; வெற்றிப் பாட்டும் எழுகிறது! தம் தோல் உரிந்து தொங்கும்போது, வேறோர் ஊரில் வேறொரு தாயின் தோல் உரிந்தது என்று கேட்டு அவர்கள் ஆறுதல் கொள்கின்றனர். ஹச்சியா இதனை மறைத்திருக்கலாம். தம் மக்களைத் தூய தியாகிகளாகவே தீட்டியிருக்கலாம். மறைக்கவில்லை. அழிவாயுதம் உடலை எரிப்பதோடு நிற்காமல் உள்ளத்தையும் தன் வடிவாக்கிக்கொள்கிறது என்பதை இப்பக்கம் காட்டுமளவுக்கு எந்த மாநாட்டுத் தீர்மானமும் காட்டியதில்லை. பிற்கால இயக்கத்தாரின் துண்டறிக்கைகளில் நாம் காணாத நேர்மை இது. அங்கே மக்கள் எப்போதும் மாசற்றவர்; தவறெல்லாம் தலைவர்களுடையது.

சோதனை வெடிகளை எதிர்த்த கதையையும் சொல்லியாக வேண்டும். 1958 இறுதியில் செயின்ட் லூயி நகரில், குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேர்க்கத் தொடங்கினர் மருத்துவரும் அறிவியலாரும். வானில் வெடித்த குண்டுகளின் கழிவான ஸ்ட்ரான்ஷியம் 90, புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, சுண்ணச் சத்தைப்போல எலும்பிலும் பல்லிலும் குடியேறுகிறது என்பதை மெய்ப்பிக்கவே அந்த முயற்சி. தலையணைக்கடியில் பல்லை வைத்தால் தேவதை வந்து காசு தரும் என்பது அங்குள்ள பிள்ளைகளின் நம்பிக்கை. தேவதைக்குப் போகவேண்டிய பற்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம்! மருத்துவர் லூயி ரைஸ் 1961இல் வெளியிட்ட முடிவு, நஞ்சு ஏறிவருவதைக் காட்டிற்று. 1963 ஆகஸ்டில், வானிலும் விண்வெளியிலும் நீரடியிலும் வெடிக்கத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அதற்குப் பல காரணங்கள் உண்டு. பால்பல்லும் அவற்றுள் ஒன்று.

இனி 1980க்கு வருவோம். அவ்வாண்டு டிசம்பரில் செனீவாவில் மூன்று அமெரிக்க மருத்துவரும் மூன்று சோவியத் மருத்துவரும் சந்தித்தனர். அணுப்போர்த் தடுப்புக்கான அனைத்துலக மருத்துவர் இயக்கம் அங்கே உருவெடுத்தது. ஒரு பக்கம் லௌன். மறுபக்கம் எவ்கேனி சாசோவ். இவரும் இதயநோய் வல்லுநர். பிரெஷ்னேவுக்கே மருத்துவம் பார்த்தவர். ஐந்தாண்டில் நோபெல் அமைதிப் பரிசு அவ்வியக்கத்தைத் தேடி வந்தது.

பரிசளிப்பையொட்டி 1985 டிசம்பரில் ஆஸ்லோவில் நடந்த செய்தியாளர் கூட்டம் புகழ்பெற்றது. கேள்விக்கணைகள் பறந்துகொண்டிருந்தபோது, சோவியத் செய்தியாளர் ஒருவர் இதயம் நின்று தரையில் சாய்ந்தார். லௌனும் சாசோவும் மேடையினின்று பாய்ந்து, மற்ற மருத்துவருடன் சேர்ந்து, மார்பை அழுத்தி அவருக்கு உயிரூட்டினர். அவர் பிழைத்தார். அமெரிக்கக் கையும் உருசியக் கையும் ஒரு நெஞ்சின்மேல்! இயக்கத்தின் சின்னமே இதுதான் என்று அன்றுமுதல் எழுதாத ஏடில்லை. 2008இல் தம் நினைவுகளை நூலாக்கிய லௌனும் இதனைப் பெருமிதத்தோடு பேசுகிறார்.

பெருமிதம் கொள்ளட்டும், கொள்ளத் தக்க செயலே. ஆனால் திறனாய்வாளன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இது அணுப்போருக்குப் பொருந்தும் உவமைதானா? விழுந்தவர் ஒருவர், சுற்றி நின்ற மருத்துவரோ பலர், அவர்களுள் இருவர் உலகின் தலைசிறந்த இதய வல்லுநர். இரோஷிமாவின் கணக்கை இங்கே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது நிகழ்ச்சி. 1962இல் பாஸ்டன் மருத்துவர்கள் பாடுபட்டு நிறுவிய உண்மை என்ன? மருத்துவர் வந்து காப்பாற்றுவார் என்று எண்ணாதே என்பது. ஆஸ்லோவின் காட்சி மக்கள் மனத்தில் பதித்தது என்ன? கடைசி நொடியில் மருத்துவர் வந்து காப்பாற்றினார் என்பது. தம் வலிமை மிக்க வாதத்தையே அழகிய காட்சி ஒன்றுக்கு விலையாகக் கொடுத்துவிட்டனர் இயக்கத்தார். கதை நன்றாக இருப்பதே அதன் குற்றம்.

அன்று பறந்த கேள்விக்கணைகள் சகாரோவைப் பற்றியவை. உருசியாவின் ஐதரசன் குண்டை உருவாக்கியோருள் முதல்வராயிருந்து, பின்னர் அதன் கேட்டை உணர்ந்து உரிமைக்குரல் எழுப்பிய அறிஞர் அவர். 1980 முதல் கார்க்கி நகரில் சிறைவைக்கப்பட்டிருந்தார். அவரைக் கண்டித்து 1973இல் வெளிவந்த அறிக்கையில் சாசோவின் கையொப்பம் இருந்தது. மேற்கு செருமனியின் தலைவர் கோல் முதலானோர் இதனைக் காட்டிப் பரிசை எதிர்த்தனர். இயக்கத்தார், அணுப்போர் ஒன்றே எம் பொருள், பிறவற்றில் தலையிடோம் என்றனர்.

கையெழுத்திட்டவன் கறைபட்டவன், ஆகவே அவன் காட்டும் கணக்கும் பொய் என்பாரை நாம் ஏற்கவில்லை. கதிர்வீச்சு வெள்ளணுவை அழிக்கும் என்பது கட்சி பார்த்து மாறுமா? அதே சாசோவின் முயற்சியால்தான் 1982 சூனில் சோவியத் தொலைக்காட்சியில் அமெரிக்க, உருசிய மருத்துவர்களின் உரையாடல் வெட்டின்றி ஒளிபரப்பாயிற்று; பதுங்கறை பயனற்றது என்பதை அந்நாட்டு மக்கள் தம் வீட்டிலிருந்தே கேட்டனர். அது சிறு செயலன்று. எனினும், 'பிறவற்றில் தலையிடோம்' என்ற விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. குண்டு கூடாது என்று சொல்லும் உரிமை சாசோவுக்கு இசைவாணையாகக் கிடைத்தது, சகாரோவுக்குக் கிடைக்கவில்லை. வாய்ப்பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே குண்டைக் கேள்வி கேட்பார் இரார். நோயை வளர்க்கும் சூழலைக் காணாமல் நோயை மட்டும் காண்பது மருத்துவத்துக்கே முரண் அன்றோ?

கேள்வி கேட்போர் வாயை அடைக்கக் காவலர் தேவைப்படாத இடங்களும் உண்டு. பெயர் ஒன்றே போதும். அமெரிக்கர் 1945இல் நிகழ்த்திய முதற் சோதனைக்கு வைத்த பெயர் 'டிரினிட்டி'. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொருமை. இந்தியா 1974 மே 18இல் வெடித்தது. சிரிக்கும் புத்தர் என்ற பெயர் நிலைத்தது. கொல்லாமை சொன்ன வாய் குண்டுக்காகச் சிரித்ததாம்! 1998இல் வெடித்தவற்றுக்குப் பெயர் சக்தி. தெருவில் இனிப்பு வழங்கினர். வெடித்த இடத்தருகே கோயில் எழுப்ப வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது.

அந்தக் கொண்டாட்டத்துக்கு மருத்துவர் இயக்கம் தந்த விடை 2013இல் வந்த அறிக்கை. இந்தியாவும் பாகிஸ்தானும் இரோஷிமா அளவுள்ள நூறு குண்டுகளை வீசிக்கொண்டால் என்ன ஆகும் என்று அது ஆராய்கிறது. எரியும் நகரங்களின் கரி வானில் ஏறி வெயிலை மறைக்கும். குளிர் கூடும், மழை குறையும், விளைச்சல் வீழும். பசிக்கு இரையாகும் ஆபத்தில் நிற்போர் 200 கோடிப்பேர். போரில் ஈடுபடாத நாட்டு ஏழைகளும் அவர்களுள் அடங்குவர். 1962இல் மருந்தில்லை என்று கைவிரித்தவர்கள், இப்போது சோறுமில்லை என்று கைவிரிக்கின்றனர். இந்த அறிக்கை நம் ஊர்ப் படிப்பகங்களில் படிக்கப்பட வேண்டும்.

இயக்கத்தின் வழிவந்த அணு ஆயுத ஒழிப்புக்கான கூட்டமைப்பு 2007இல் தொடங்கி, பத்தே ஆண்டில் தடை ஒப்பந்தம் ஒன்றை ஐக்கிய நாடுகள் அவையில் நிறைவேறச் செய்தது. ஆதரவு 122 நாடுகள். 2021 சனவரி 22இல் நடப்புக்கு வந்தது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் அதில் சேரவில்லை. குண்டு வாங்கிய சப்பானும் சேரவில்லை.

மருத்துவருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு நீதிமன்றத்திலேயே ஒரு விடை தரப்பட்டதுண்டு. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு ஏற்றதா என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1993இல் அனைத்துலக நீதிமன்றத்தைக் கேட்டது. அவ்வாறு கேட்கத் தூண்டியோருள் இம்மருத்துவர்களும் இருந்தனர். 1996 சூலை 8ஆம் நாள் நீதிமன்றம் கூறிற்று: விளைவுகளுக்கு மருத்துவம் பார்ப்பது உம் பணி, அந்த ஆயுதம் முறையா என்று கேட்பது உம் எல்லைக்குள் வாராது. புண்ணுக்குக் கட்டுப்போடு, கத்தியைப் பற்றிக் கேளாதே! நோய் முதல் நாடுவதைக் கல்வியாகக் கொண்டவர்களிடம் சொல்லத்தக்க சொல்லா இது?

எந்த நலத்துறையாலும் அணுப்போரைச் சமாளிக்க இயலாது என்பதை அந்நிறுவனம் 1984இலும் 1987இலும் தானே ஆய்ந்து எழுதியிருக்கிறது. அந்த ஆய்வைப் புதுப்பிக்குமாறு 2025 மே மாதம் உலக நலவாழ்வுப் பேரவை தீர்மானித்தது. ஒருமனதாக அன்று, வாக்கெடுப்பு நடத்தியே தீர்மானிக்க வேண்டியிருந்தது.