அறுபட்ட ஸனது

முஸ்லிம்களின் மருத்துவப் பங்களிப்பு குறித்து நம் ஏடுகளில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. ராஸீயின் அம்மைநோய் நூலில் தொடங்கி, இப்னு சீனாவின் ‘அல்-கானூன்’ வழியே வந்து, ஐரோப்பா நம்மிடம் கற்றது என்னும் பெருமிதத்தில் நின்றுவிடும். காசநோயைத் தொற்றுநோய்களுள் ஒன்றாக இப்னு சீனா எண்ணியது தவறாது இடம்பெறும். செய்தி உண்மையே. ஆயினும் அந்நோய்க்கு இன்று உலகம் அளிக்கும் சிகிச்சையின் ஒரு வேர் சென்னையில் இருப்பதை அக்கட்டுரைகள் கண்டுகொள்வதில்லை.

1956இல் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்றை நிறுவின. (2011இல் அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாறியது.) அங்கு எழுந்த வினா எளிது: ஏழை நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாகுமா? ஒரு சாரார் ஓய்வும் நல்லுணவும் உள்ள சானடோரியத்தில். மறுசாரார் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளில். இரு சாராருக்கும் அதே மருந்து, ஓராண்டுக் காலம். குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை. வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. 1959இல் அறிக்கை வெளிவந்தது. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. மையத்தின் முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் பின்னர் லண்டனிலிருந்து நடத்திய கிழக்காப்பிரிக்க ஆய்வுகளே, 1970களில் ஆறுமாதச் சிகிச்சைக்கு வழி திறந்தன.

ஹதீஸ் கலை பயின்றோர் யாரிடமிருந்து யார் பெற்றார் என்று கேட்டே பழகியவர்கள். இவ்வறிவின் முதல் அறிவிப்பாளர்கள் சென்னையின் ஏழைகள். அவர்களுடைய பெயர் மறைக்கப்படுவது முறைதான். முடிவு ஆங்கில ஏடுகளோடு நின்று, அவர்களுடைய மொழிக்குத் திரும்பாதிருப்பது முறையாகாது. மகளின் திருமணம் தடைப்படும் என அஞ்சி இருமலை மறைக்கும் தந்தை இன்றும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார். கல்வியை மறைப்போர் பற்றி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ள எச்சரிக்கையை நாம் ஃபிக்ஹுக்கு மட்டும் உரியதாகக் கருதிவிட்டோம்.

பகிர்வோருக்கு இழப்பும் உண்டு. 2021 நவம்பரில் ஒமிக்ரானைத் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் வெளிப்படையாக அறிவித்தபோது அவர்கள் நாட்டுக்குக் கிடைத்தது பயணத் தடை. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. 1991இல் அறிவொளி இயக்கத்தால் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்ற மாவட்டம் புதுக்கோட்டை. இங்கே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சளிப் பரிசோதனை எங்கே, எத்தனை மாதம் மருந்து, ஏன் இடையில் நிறுத்தலாகாது என்பதை அதன் மருத்துவர்களிடம் கேட்டு, தமிழில் எழுதி ஜும்ஆவில் வாசிக்க நம் உலமாக்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.