போகாமலே எழுதும் செய்தி அறிக்கை

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, லிட்டில் இந்தியாவைப் பற்றி அறிக்கை எழுதச் சொன்னால் அது எப்படித் தொடங்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். மல்லிகை மணக்கும், கடைவாசலில் பாட்டு காதைப் பிளக்கும், சேலைகள் வண்ணவண்ணமாகத் தொங்கும். ஜார்ஜ்டவுன் 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது என்ற வரியும் தவறாமல் வந்துவிடும். எழுதியதில் பிழை இல்லை. ஆனால், இதை எழுத லெபோ பசாருக்குப் போக வேண்டியதே இல்லையே! ஈப்போவில் உட்கார்ந்துகொண்டே எழுதிடலாம். பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பவர்களின் தமிழ்க் கட்டுரைகளிலும் இதே குறையைப் பார்க்கிறேன். பள்ளியில் நாம் பழக்கியதுதான் அங்கேயும் தொடருது.

நம் பத்திரிகைகள் மாணவர்களை வளர்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 1950-ல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ ஒரு தலைமுறைச் சிறுகதையாளர்களை உருவாக்கியது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றமும் அப்படித்தான். இன்றும் மேடைக்கு மேடை அவற்றைப் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு செய்தி வகுப்பைப் பற்றி அப்படிப் பெருமை பேசி நான் கேட்டதில்லை. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனது. பயிற்சி தரக்கூடிய ஒரு கூடமும் அதோடு போச்சு.

தமிழ்நாட்டில் விகடன் வேறு வழியில் போனது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் காலத்தில் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில், கல்லூரியில் படித்துக்கொண்டே மாணவர்கள் தங்கள் ஊர்ச் செய்தியைத் தேடிப்போய் எழுதினார்கள். அச்சாகப் போகிறது என்ற பயம் இருக்கும்போது யாரும் விசாரிக்காமல் எழுத மாட்டார்கள். மதிப்பெண்ணால் வராத கவனம் அது. பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் மாணவர்கள் ‘பெரித்தா கம்புஸ்’ என்ற இதழைத் தயாரித்துப் பழகுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே படிக்கும் நம் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் மலாயில் கிடைக்கிறது. அதைத் தமிழுக்குக் கொண்டுவருவது அவர் தனிப்பாடு.

சரி, லிட்டில் இந்தியாவில் செய்தி எங்கே இருக்கு? தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு தெருவிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 2017-ல் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து, இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வேலைச் சுமந்து கிளம்பியது. இரண்டும் தண்ணீர்மலையை நோக்கித்தான். ஒரே ஊர், ஒரே முருகன், எதற்கு இரண்டு ரதம் என்று ஊரே பேசியது. நம் மாணவர் எழுதுவதோ, “பக்தர்கள் பரவசத்துடன் கலந்துகொண்டனர்.” பரவசம் கிடக்கட்டும். கோயில் வீட்டில் ஒருவரிடம் கேட்டீர்களா? வாரியத்தில் ஒருவரிடம்? தெரு ஓரத்தில் தேங்காய் அடுக்கிக் காத்திருக்கும் அம்மா எந்த ரதத்துக்கு உடைக்கப் போகிறார்? இரண்டுக்கும் என்றால், ஏன்? மூன்று பேரின் பதில் போதும், அறிக்கைக்கு உயிர் வந்துவிடும். ஒரு தரப்பை மட்டும் கேட்டால் அது அறிக்கையே இல்லை, துண்டுப் பிரசுரம்.

கடைகள் இன்னொரு செய்தி. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு யார் தங்கினார்கள், யார் கடையைக் காலி செய்தார்கள்? “ஐயா, எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க? வாடகை அப்போ எவ்வளவு, இப்போ எவ்வளவு?” என்று கேட்க ஒரு காலைப்பொழுது போதும். சிலர் சொல்ல மாட்டார்கள். சொல்ல மறுத்தார் என்பதையும் எழுதலாம். முதியவர் கடையை மூடிவிட்டுப் போன பிறகு இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது.

தேர்வு அறையில் கற்பனையாகத்தான் எழுதணும், அது தெரியும். ஆனாலும் ஒருமுறை நிஜமாகப் போய்க் கேட்டவரின் கற்பனை அறிக்கையில் நேரம், இடம், எண்ணிக்கை, யார் சொன்னது என்பதெல்லாம் தானாகவே வந்து உட்காரும். திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பயிற்சியில் ‘வண்ணமயமான’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் “யாரிடம் கேட்டாய்?” என்று எழுதிக் கொடுங்கள்.