‘பிராய்லர் பள்ளி’ என்னும் உருவகம்: நாமக்கல் உறைவிடப் பள்ளிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நாமக்கல் வட்டாரத்துத் தனியார் இருபாலர் உறைவிடப் பள்ளிகளைக் கண்டிக்கும் எழுத்துகளில் ‘பிராய்லர் பள்ளி’ என்னும் தொடர் பெருவழக்காகியுள்ளது. அவ்வுருவகம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உறைவிடப் பள்ளி, உருவகம், நாமக்கல், ஜேடர்பாளையம், மதிப்பெண், இருபாலர் கல்வி.

களம்

காவிரியின் படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரியும் இடம் ஜேடர்பாளையம். வெற்றிலை, வாழை, கரும்பு விளையும் பாசனப் பகுதி இது. இதற்கு அப்பால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு எனப் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் கோழிப்பண்ணைக்கும் லாரித் தொழிலுக்கும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்கும் பெயர்பெற்றது. நீரால் வேறுபட்ட இவ்விரு நிலங்களும் பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்கவைக்கும் விழைவில் ஒன்றுபடுகின்றன. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கும் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் ஒருங்கே அறியப்பட்டது. உருவகம் பிறக்க இந்தத் தற்செயலே போதுமானதாயிற்று.

கறிக்கோழியும் முட்டைக்கோழியும்

உருவகத்தின் பொருத்தம் அதன் பொருட்புலத்தை அறிந்தே மதிப்பிடத்தக்கது. பிராய்லர் என்பது கறிக்கோழி. ஏறத்தாழ நாற்பது நாள்களில் எடைபோட்டு விற்கப்படுவது. அதன் வணிக மையம் பல்லடம். நாமக்கல்லின் அடையாளமோ முட்டைக்கோழி. சுமார் இருபது வாரங்களில் முட்டையிடத் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் கூண்டில் வைத்து, நாள்தோறும் எண்ணிக் கணக்கெழுதப்படுவது அது. கண்டித்து எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. இது வெறும் தகவற்பிழையன்று, விளைவுடைய பிழை.

கறிக்கோழி உருவகம் ‘கொழுக்கவைத்தல்’ என்னும் ஒற்றைச் செயலைச் சுட்டுகிறது. பாடத்தைத் திணித்து, இறுதித் தேர்வில் எடைபோடுதல் என்பது அதன் உட்பொருள். உறைவிடப் பள்ளியின் இயக்கம் அத்தகையதன்று. அங்கே நாள்தேர்வு உண்டு, வாரத்தேர்வு உண்டு. ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படுகிறது. அளவீடு முடிவில் வருவதன்று, அன்றாடமானது. முட்டையிடும் பருவத்தில் செயற்கை விளக்கால் பகற்பொழுதைப் பதினாறு மணி நேரம்வரை நீட்டுவது பண்ணை முறை. விடியற்காலைப் படிப்பில் தொடங்கி இரவுப் படிப்பில் முடியும் விடுதியின் கால அட்டவணையும் பொழுதை நீட்டும் உத்தியே. ஆகவே வசைக்காகத் தேர்ந்த உவமையைவிட, வட்டாரம் தானே வழங்கும் உவமையே கூர்மையானது.

மதிப்பெண்ணின் பின்னுள்ள அரசு

எனினும் இரு உவமைகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. பண்ணைக்கு உரிமையாளர் ஒருவரே; எனவே உருவகத்தைக் கையாளும் எழுத்து, பள்ளி முதலாளி ஒருவரையே குற்றவாளியாக நிறுத்திவிடுகிறது. கொள்கை வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2006இல் இயற்றப்பட்டது. பயிற்சி மையங்களை எட்ட இயலாத ஊரக மாணவரைக் காப்பதே அதன் நோக்கம், நியாயமான நோக்கம். ஆயின் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே முழு அளவுகோலானதும், அம்மதிப்பெண்ணை உறுதிப்படுத்தும் இடமாக உறைவிடப் பள்ளி மேலும் மதிப்புப் பெற்றது. மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடப்பட்ட ‘கட்ஆஃப்’ இரண்டாண்டு வாழ்வின் நோக்கெல்லையாயிற்று.

இந்த 200இல் தமிழுக்கு இடமில்லை. ஆனால் மொத்தக் கூட்டுத்தொகையில் தமிழ் இருந்தது; மாநிலத் தரவரிசையும் தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்க்கே அறிவிக்கப்பட்டது. விளம்பரப் பலகைக்குத் தமிழ் தேவை, சேர்க்கைக்குத் தேவையில்லை என்னும் இந்த இரட்டை நிலை, தமிழாசிரியரின் பாடவேளையை எவ்வாறு உருமாற்றியது என்பது தமிழாய்வுத் துறையே எழுப்பியிருக்கவேண்டிய வினா. கோழி உவமையில் அதற்கு இடமேயில்லை.

2017இல் தரவரிசை அறிவிப்பு கைவிடப்பட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தவிர்த்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்தும் வழக்கத்தைத் தடுக்கவென 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதே 2017இல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வுக்கு உட்பட்டது. அளவுகோல் மாறியது, பண்ணை உவமை மாறவில்லை. பழைய பள்ளிக்கும் புதிய பயிற்சி வளாகத்துக்கும் அதே வசைச்சொல் பயன்படுவது, ஆராய்ச்சி வசைக்கு வழிவிட்டதையே காட்டுகிறது.

‘இருபாலர்’ என்னும் சொல்

விளம்பரங்களில் ‘இருபாலர் பள்ளி’ என்று அச்சாகும் தொடரின் நடைமுறைப் பொருள், இருபாலரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி என்பது மட்டுமே. தனி விடுதி, பலவற்றில் தனி வகுப்பறை, பேசினால் தண்டனை எனப் பிரிவினை கட்டடத்திலேயே அமைந்திருக்கிறது. இதைக் கண்டித்தல் எளிது. ஆனால் மகளை வெளியூரில் தங்கவைக்கத் தயங்கும் வேளாண் குடும்பம் அத்தயக்கத்தை விடுத்ததற்கு இக்கண்காணிப்பே காரணமாகவும் இருந்திருக்கக் கூடும். அவளுக்கு அவ்வளாகம் சிறையா, வயல்வேலையிலிருந்தும் விரைந்த திருமணத்திலிருந்தும் கிடைத்த ஈராண்டு ஒத்திவைப்பா? இரண்டுமாக இருக்கலாம். கோழிக்கு இத்தகைய இருமனம் இல்லை.

ஆசிரியரோடு உறைந்து கற்ற வாழ்வுக்குத் தமிழில் வலுவான சான்று உண்டு. 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற காலத்தை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் உணவு, நோய், வறுமை, பாடம் கேட்கக் காத்திருந்த ஏக்கம் உட்பட விரித்துரைக்கிறார். அங்கே பேசுபவர் மாணவர். உறைவிடப் பள்ளி பற்றிய உரையாடலில் பேசுபவர் பெரும்பாலும் கல்வியாளர், இதழாளர், பெற்றோர். அனுமதிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில் தூக்குப்போசியில் கறிக்குழம்போடு வரும் தந்தையைப் பள்ளி வாசலில் எதிர்கொள்ளும் பதினாறு வயது மாணவி, அந்த ஒருமணி நேரத்தில் எதைச் சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டாள் என்பது அவளே எழுதவேண்டிய பகுதி. இன்று நாற்பதை நெருங்கும் அத்தலைமுறையிடம் வாய்மொழிப் பதிவுகளைத் திரட்ட இன்னும் காலம் இருக்கிறது.