யாழ் நூலும் நிரற் கருவிகளும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலே, கல்லடி உப்போடையில் சமாதிகொண்ட விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழை மீட்கப் புகுந்தபோது பண்ணாராய்ச்சியோடு அமையாது, சுருதி அளவுகளையும் கணித முறையால் ஆராய்ந்தார். 1947இல் வெளிவந்த யாழ் நூலின் சிறப்பு அதுவே. கருவி மறையின் இசையும் மறையும்.

மானிகளிலும் பொறிகளிலும் பொதிந்த சில்லுகளுக்கு நிரல் எழுதும் இக்கால மாணவர் பலர் இவ்வுண்மையைப் பேணுவதில்லை. மூலநிரலைக் காப்பர், அதனை இயங்குநிரலாக்கிய கருவிகளைக் குறியார். கட்டளைவரியில் இயங்கும் ஜீ.சீ.சீ. தொகுப்பி 1987இல் தோன்றியது. பின்னர் பல பதிப்புகள் கண்டது. பதிப்பு மாறின், ஒரே மூலநிரல் அளவிற் பெருத்துச் சில்லின் சிறு நினைவகத்தில் அடங்காது போதலுங்கூடும். எனவே தொகுப்பி, இணைப்பி, நிரலகம் ஆகியவற்றின் பதிப்பெண்களை நிரலோடு எழுதிவைத்து, செயற்றிட்டந்தோறும் அவற்றைத் தனித்தனியே நிறுவுதல் வேண்டும். ஆக்கியோர் பல்கலைக்கழகத்தை விட்டகன்ற பின்னரும் பிறர் அந்நிரலை மீளக் கட்டமைக்க வழி அதுவே.