திட்டமும் தகுதியும்

ஒரு கல்வித் திட்டத்தை மதிப்பிடுவதற்கு அதன் இலட்சிய வாசகங்கள் போதா. அது யாருக்கு எதனை அளிக்கின்றது என்பதே உரைகல். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் பாடசாலை மாவட்டங்கள் வகுத்துவரும் திட்டங்களை இவ்வுரைகல்லில் வைத்து நோக்குதல், ஆசிரியராகிய எமக்குப் பெரிதும் பயன்தரும்.

2013ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன் கல்வி நிதிப் பங்கீட்டை மாற்றியமைத்தது. வறிய பிள்ளைகள், ஆங்கிலத்தைப் புதிதாகப் பயிலும் பிறமொழிப் பிள்ளைகள், அரசின் பொறுப்பில் வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள பிள்ளைகள் ஆகிய மூவகையினரை முன்னிட்டு மாவட்டங்களுக்கு மேலதிக நிதி வழங்கப்படலாயிற்று. ஒவ்வொரு மாவட்டமும் மூன்றாண்டுத் திட்டம் வகுத்து, ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்து, செலவையும் பெறுபேற்றையும் மக்கள் முன் வைத்தல் வேண்டும். சமமற்ற நிலையிலுள்ளோர்க்குச் சமமாகப் பங்கிடுதல் நீதியன்று என்னும் கொள்கை இவ்வாறு சட்டமாயிற்று. இதனை நாம் மனமார வரவேற்கின்றோம்.

எனினும், கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் காணாதிருத்தல் இயலாது. 2019இல் மாநிலக் கணக்காய்வாளர் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார்: மேலதிக நிதியில் ஓராண்டு செலவாகாது எஞ்சிய பகுதியை, மறு ஆண்டு எத்தேவைக்கும் மாவட்டங்கள் பயன்படுத்த இடமிருந்தது. வறிய பிள்ளையின் பெயரால் வந்த பணம் அப்பிள்ளையைச் சேராமலே போகலாம்! 2021இல்தான் சட்டம் திருத்தப்பட்டு இவ்வோட்டை அடைக்கப்பட்டது.

அளவுகோலிலும் இத்தகைய முரண்பாடு உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகப் புகுமுகத்துக்குரிய பாடங்கள் வறிய மாணாக்கர்க்கு எட்டாதிருந்தமையை எதிர்த்து மக்கள் போராடியதன் பேறாக, அவற்றை யாவர்க்கும் கட்டாயமாக்கும் தீர்மானம் 2005இல் நிறைவேறியது. ஆனால், பாடசாலைச் சான்றிதழுக்கு 'டி' தரச் சித்தியே போதுமென 2015இல் முடிவாயிற்று. மாநிலப் பல்கலைக்கழகங்களோ 'சி' தரத்தைக் கேட்கின்றன. ஒரே பாடத்தில் பெற்ற ஒரே புள்ளி பாடசாலையில் வெற்றி. பல்கலைக்கழக வாயிலிலோ தோல்வி.

'சி' தரத்தை வற்புறுத்தியிருப்பின் பலர் சான்றிதழே பெறாது வெளியேறியிருப்பர் என்பர். அது மெய்யே. ஆயின், படியை உயர்த்துமுன் ஏறுவதற்கான துணையை உயர்த்தியிருத்தல் வேண்டாவா? சிறிய வகுப்புகள், மேலதிகப் போதனை, வழிகாட்டும் ஆசிரியர் ஆகியவற்றை அளிப்பதற்கே திட்டமும் நிதியும் வேண்டப்படுகின்றன.

கல்லூரிக்கும் தொழிலுக்குமான ஆயத்தநிலையை மாநிலம் 2017 முதல் ஓர் அளவுகோலாகக் கொண்டுள்ளது. புகுமுகப் பாடங்கள், தொழிற்பயிற்சி, கல்லூரிப் பாடநெறி எனப் பல வழிகளில் வருவோரை 'ஆயத்தமானோர்' என்னும் ஒரே சொல் குறிக்கின்றது. தொழிற்கல்வியை நாம் இழிவாகக் கருதுபவரல்லர்; உழைப்பே உலகை ஆக்கியது. ஆனால் செல்வர் பிள்ளை ஒரு வழியிலும் தொழிலாளியின் பிள்ளை மறுவழியிலும் செல்லும்படி நேருமாயின், அச்சொல் வர்க்கப் பிரிவினையை மறைக்கும் திரையாகிவிடும்.

எனவே, எவ்வழியில் எவர் செல்கின்றனர், அவர் பொருட்டு எவ்வளவு செலவாயிற்று என்பவற்றைப் பெற்றோர் தம் மொழியிலே படித்தறியுமாறு திட்டங்கள் எழுதப்படல் வேண்டும். மக்கள் வாசிக்க முடியாத கணக்கு, மக்களுக்குக் காட்டிய கணக்காகாது.